மழையில் செர்ரி வெடிப்பு: பலூன் கணக்கை விட்டுவிட்டுப் பேசுவோம்

#1 மலைச்சரிவு

இடம்: கனடா, ஒகனகன் பள்ளத்தாக்கின் தென்பகுதி. செர்ரி ரகம்: லேப்பின்ஸ், ஸ்வீட்ஹார்ட். லேப்பின்ஸ், பச்சை மாறும் வைக்கோல் நிறத்தைத் தாண்டி இளஞ்சிவப்புக்கு வந்தாயிற்று. ஸ்வீட்ஹார்ட் ஒரு வாரம், பத்து நாள் பின்னால் இருக்கிறது. மேலே கூரை கிடையாது. விசிறிக் காற்றால் மருந்தடிக்கும் ஏர்பிளாஸ்ட் தெளிப்பான் ஒன்று, மரத்தடியில் மைக்ரோ ஸ்பிரிங்க்ளர், அவ்வளவுதான் தளவாடம்.

எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு மேல் கவலைப்பட வேண்டும்? கால்சியம் இப்போது அடித்தால் பலன் உண்டா? நனைந்த பழத்தை உலர்த்த ஹெலிகாப்டரை முன்கூட்டியே பேசி வைப்பதா? மழை வரும் என்று தெரிந்தால் பாசனத்தை நிறுத்திவிடலாமா? நான்குக்கும் நான்கு விதமாகப் பதில் கிடைக்கிறது. காரணத்தோடு சொல்பவர்கள் சொல்லுங்கள்.

#2 வேர்ப்பிடி

முதல் கேள்வியே தப்பு. மில்லிமீட்டரைப் பார்க்காதீர்கள், மணி நேரத்தைப் பாருங்கள். மதியம் அரை மணி நேரம் கொட்டிவிட்டு வெயிலும் காற்றும் வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சாயங்காலம் 2 மில்லிமீட்டர் தூறி, காற்றில்லாமல் விடியும் வரை பழம் நனைந்தே தொங்கினால் அதுதான் ஆபத்து. பழம் நனைவதற்குக் கொஞ்சம் மழை போதும். அதற்கு மேல் பெய்வதெல்லாம் தரைக்குத்தான் போகிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே போகும் வேகமும் கூடும். 10 டிகிரி மழையைவிட 22 டிகிரி மழை மோசம்.

#3 சாறுகணக்கு

இதில் என்ன குழப்பம்? பழத்துக்குள் 18–20 பிரிக்ஸ், அதாவது சாற்றில் நூற்றுக்கு 18–20 பங்கு, சர்க்கரை. வெளியே மழைநீரில் எதுவுமே கரைந்திருக்கவில்லை. சவ்வூடு பரவலில் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது, பழம் ஊதுகிறது, தோல் தாங்காமல் வெடிக்கிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். சர்க்கரை ஏற ஏற அபாயமும் ஏறும். ஆகவே மழைக்கு முன்னால் கொஞ்சம் காயாகவே பறித்துவிடுவதுதான் நிஜமான தடுப்பு.

#4 நுண்ணோக்கி

சாறுகணக்கு சொன்னது பலூன் கணக்கு. பல பத்தாண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் அளந்து பார்த்தபோது ஒத்துவரவில்லை. எங்கே ஒத்துவரவில்லை என்று தெரிந்தால்தான் மற்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வரும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தோல். முற்றிய செர்ரியின் மேல் உள்ள மெழுகுப் படலம், அதாவது கியூட்டிகிள், ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமன்தான். ஆப்பிளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. செர்ரி மூன்று கட்டமாக வளர்கிறது: செல் பிரியும் கட்டம், கொட்டை இறுகும் கட்டம், கடைசியாகச் சதை ஊதும் கட்டம். கொட்டை இறுகும் கட்டத்தோடு பழம் புதிதாகப் படலம் தயாரிப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பழம் வேகமாகப் பெருக்கிறது. ஐந்து வயதில் தைத்த சட்டையைப் பதினைந்து வயதில் போட்டுக்கொண்டது போல் படலம் இழுபட்டு நிற்கிறது. அதனால் மழை இல்லாமலேயே நுண்விரிசல்கள் விழுகின்றன. இவை கண்ணுக்குத் தெரியாது. ஆக்ரிடின் ஆரஞ்சுச் சாயத்தில் முக்கி ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் காம்புக் குழியிலும் நுனியிலும் கோடு கோடாகத் தெரியும். இழுபட்டு நிற்கும் படலத்தின் மேல் ஈரம் தங்கினால், ஏன், காற்றில் ஈரப்பதம் உயர்ந்தாலே, இந்த நுண்விரிசல்கள் பெருகுகின்றன.

அடுத்தது அழுத்தம். பழச்சாற்றின் ஊடுபரவல் திறன், அதாவது நீரை உள்ளே இழுக்கும் பலம், மைனஸ் 2 முதல் 3 மெகாபாஸ்கல். பலூன் கணக்குப்படி செல்லுக்குள் அதே அளவு விறைப்பழுத்தம் (செல் சுவரை உள்ளிருந்து தள்ளும் அழுத்தம்), அதாவது கார் டயரைப் போல் பத்து மடங்கு, இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் ஹனோவர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தில் மோரிட்ஸ் க்நோஹே குழு செல்லுக்குள் நுண்குழாய் செலுத்தி அளந்தது. முற்றிய செர்ரியில் கிடைத்தது சில பத்து கிலோபாஸ்கல் மட்டுமே. செல்லுக்கு வெளியே, செல் சுவர் இடைவெளியிலும் கரைபொருள்கள் நிறைந்திருப்பதால் இருபக்க இழுப்பும் கிட்டத்தட்டச் சரிக்கட்டிப் போகிறது. பலூனில் காற்றே இல்லை என்றாகிவிட்டது.

அப்படியானால் எப்படி வெடிக்கிறது? அவர்கள் சொல்வது ஜிப் விளக்கம். நுண்விரிசல் வழியாக மழைநீர் ஒரே ஒரு இடத்தில் உள்ளே இறங்குகிறது. அங்கே தோலுக்கு அடியில் உள்ள பெரிய, மெல்லிய சுவர் கொண்ட சதைச் செல் ஒன்று உடைகிறது. அதன் சாறு பக்கத்துச் செல்களைச் சுற்றிப் பரவுகிறது. அந்தச் சாற்றில் உள்ள மாலிக் அமிலம் செல் சுவரிலிருந்து கால்சியத்தைப் பிடுங்குகிறது, பக்கத்துச் செல்களின் சவ்வையும் பலவீனமாக்குகிறது. அவையும் உடைகின்றன. கால்சியம் போன சுவர்கள் ஊறி உப்புகின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான ஒட்டுதல் தளர்கிறது. ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் தோல் அந்தக் கோட்டில் பிரிந்துகொண்டே போகிறது, பையின் ஜிப்பைத் திறப்பது மாதிரி.

முழுப் பழமும் ஊத வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் நனைந்து, மறுபக்கம் நீரை ஆவியாக இழந்துகொண்டிருந்தாலும் நனைந்த இடத்தில் வெடிக்கிறது. 2016இல் விங்க்லர், க்நோஹே குழு வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்.

#5 சாறுகணக்கு

விறைப்பழுத்தம் இல்லை என்றால் தோல் எதனால் இழுபட்டு நிற்கிறது? கத்தியால் கீறினால் கீறல் தானாக வாயைப் பிளக்கிறதே?

#6 நுண்ணோக்கி

சரியான கேள்வி. தோலின் இழுவிசை வளர்ச்சியால் வந்தது. சதையின் பருமன் கூடுகிறது, தோல் அதே வேகத்தில் பரவவில்லை, அதனால் அது நிரந்தரமாக இழுபட்ட நிலையில் இருக்கிறது. நீங்கள் சொன்ன கீறல் சோதனையையே இரண்டு பழங்களில் செய்யுங்கள். பிளேடால் ஒரே ஆழத்தில் கீறி ஒன்றைக் காற்றில் வையுங்கள், மற்றதைத் தண்ணீரில் போடுங்கள். காற்றில் உள்ள கீறல் கொஞ்சம் திறந்து நின்றுவிடும். தண்ணீரில் உள்ளது நீண்டுகொண்டே போகும். தண்ணீருக்குப் பதில் கால்சியம் குளோரைடுக் கரைசலில் போட்டால் நீளும் வேகம் குறையும். ஜிப் கதையை மேசை மேலேயே பார்த்துவிடலாம்.

#7 வேர்ப்பிடி

இனி விரிசலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கே வெடித்திருக்கிறது என்பது எப்படி வெடித்தது என்பதைச் சொல்லும்.

காம்பைச் சுற்றி வளையமாக இருந்தால் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பழுக்கும்போது காம்பும் சதையும் சேரும் இடம் தளர ஆரம்பிக்கும், அங்கே நீருக்கு நல்ல வழி. ஆழக் குழி உள்ள ரகங்களில் இது அதிகம். நுனியில் சின்னக் கோடுகளாக இருந்தால் கீழே தொங்கிய கடைசித் துளியின் வேலை. இந்த இரண்டு வகையும் ஆழமில்லாதவை. வளைய விரிசல் சில சமயம் உலர்ந்து தழும்பாகி நிற்கும்.

கன்னத்தில் நீளமாக, கொட்டை தெரிகிற அளவு ஆழமாகப் பிளந்திருந்தால் அந்தப் பழம் போனது போனதுதான். இந்த வகையைப் பற்றித்தான் சண்டை. டாஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மெஷாம் குழு செய்த ஆய்வில், குழி, நுனி விரிசல்கள் பழத்தின் மேல் படும் நீரோடும், பக்க விரிசல் வேர் வழியாக மரம் ஏற்றும் நீரோடும் தொடர்புபட்டிருந்தன. மழை ஈரத்தில் இலையும் பழமும் நீராவி விடுவது நின்றுவிடுகிறது, வேர் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

#8 நுண்ணோக்கி

ஹனோவர் தரப்பு இதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசிக் கட்டத்தில் காம்பு வழியாகப் பழத்துக்குள் வரும், நீரைக் கடத்தும் சைலக் குழாய்களின் கடத்துதிறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பறிக்கிற பருவத்தில் அந்த வழியாக வரும் நீர் சொற்பம் என்று அவர்களின் அளவீடு சொல்கிறது. ஈரப்பதம் கூடினால் கன்னத்திலும் நுண்விரிசல் பெருகும், அதுவே போதுமான காரணம் என்பது என் சாய்வு. ஆனால் கூரைக்குள் நனையாத பழத்திலும் பக்க விரிசல் வருவதை முழுதாக மறுக்க முடியவில்லை. இதில் ஒரே பதில் என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

#9 கரிசல்காடு

பாசனக் கேள்விக்கு வரேங்க. எந்தத் தரப்பு ஜெயித்தாலும் நடைமுறை ஒன்றுதான். மழைக்கு முன்னால் மண்ணைக் காயப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிறதுதான் பெரிய தப்பு. காய்ந்த வேர் திடீரென்று நனையும். அதோடு வறட்சியில் பழம் சின்னதாகிப் போகும், அந்த நஷ்டம் மழை வராவிட்டாலும் உண்டு.

செய்ய வேண்டியது: மண் ஈரத்தை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்க. ஒரே தடவை நீளமாக விடுகிறதைவிடக் குறைந்த அளவில் அடிக்கடி விடுங்க. மழை உறுதி என்றால் அன்றைய பாசனத்தை மட்டும் தள்ளிப் போடுங்க. வரிசைகளுக்கு இடையிலுள்ள புல்லை மழைக்கு முந்தின நாள் ஒட்ட வெட்டிவிடுங்க. முழங்கால் உயரப் புல் இருந்தால் அடிமரப் பகுதியில் ஈரம் காலை பத்து மணி வரைக்கும் அடைந்து கிடக்கும். செலவே இல்லாத வேலை, நிறையப் பேர் செய்கிறதில்லை.

இன்னொன்று, மைக்ரோ ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் கீழ்க் கொப்பு வரைக்கும் தெறிக்கிறதா என்று பாருங்க. தெறித்தால் நாமே மழை பெய்விக்கிறோம். மேலிருந்து குளிர்விக்கிற ஸ்பிரிங்க்ளரை நிறம் ஏறினபிறகு ஓட்டினாலும் இதே கதைதாங்க.

#10 மலைச்சரிவு

தெளிவாகிறது. கால்சியம்?

#11 உப்புமூட்டை

இரண்டு முறைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "எனக்கு வேலை செய்தது", "எனக்குச் செய்யவில்லை" என்று சண்டை.

ஒன்று, முன்கூட்டியே இலைவழித் தெளிப்பு. வைக்கோல் நிறத்திலிருந்து வாரம் ஒரு முறை என்று மூன்று நான்கு தடவை. 0.5 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு. கடையில் கிடைக்கும் செதில் வகையில் 77 சதவீதம்தான் கால்சியம் குளோரைடு, மீதி அதனோடு பிணைந்த நீர். ஆகவே 1000 லிட்டருக்கு 5 கிலோ அல்ல, 6.5 கிலோ போட வேண்டும். குருணை வகை 94 சதவீதத்துக்கு மேல் என்றால் 5.3 கிலோ போதும். தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பிக் கலக்கியை ஓடவிட்டுப் பிறகு செதிலைக் கொட்டுங்கள். கரையும்போது சூடேறும். முதலில் செதிலைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் கட்டி தட்டும்.

இரண்டு, மழை பெய்யும்போதே உயரத்தில் உள்ள ஸ்பிரிங்க்ளர் வழியாகக் கால்சியம் கலந்த நீரை விட்டு விட்டுப் பொழிவது. ஈரத்தோடு கால்சியமும் பழத்தின் மேல் இருக்கும். ஜிப் விளக்கத்தோடு பொருந்துவது இதுதான். செல் உடைந்து அமிலம் கசியும் அந்த நிமிடத்தில் கால்சியம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதல் முறையில் கால்சியம் தோலைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு. மேலே காய்ந்து ஒட்டியிருப்பதில் பெரும்பகுதியை மழை கழுவிவிடும். ஆய்வு முடிவுகள் அங்கும் இங்குமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன். மழை தொடங்குவதற்கு ஓரிரு மணி நேரம் முன்னால் அடித்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

#12 சாறுகணக்கு

0.5க்குப் பதில் 1.5 சதவீதம் அடித்தால் கூடுதல் பலன் வராதா?

#13 உப்புமூட்டை

வரும், கூடவே இலை ஓரம் கருகலும் வரும். 27 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போது 0.5 சதவீதமே சுடும், காலையிலேயே அடித்து முடிக்க வேண்டும். பழத்தின் மேல் வெள்ளைப் பூச்சு படியும். பொதிக்கூடத்தில் கழுவிப் போகும் என்றாலும் நேரடி விற்பனைக்கு வைப்பவர்களுக்குத் தலைவலி. குளோரைடு இரும்பை அரிக்கும், பம்ப்பையும் நாசிலையும் அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள்.

தொட்டியில் சல்ஃபேட், பாஸ்பேட் உரம் எதையும் சேர்க்காதீர்கள். ஒன்று ஜிப்சமாகும், மற்றது கால்சியம் பாஸ்பேட்டாகும். இரண்டும் வடிகட்டியை அடைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: "நன்றாகப் பரவட்டும்" என்று சோப்பு மாதிரி ஒட்டுத்திரவம் சேர்க்காதீர்கள். நீரின் பரப்பு இழுவிசை குறைந்தால் அது நுண்விரிசலுக்குள் இன்னும் எளிதாக இறங்கும். தடுக்கப் போய் நாமே கதவைத் திறந்துவிடுவோம். பூஞ்சைக்கொல்லி லேபிளில் ஒட்டுத்திரவம் கட்டாயம் என்றிருந்தால், மழைக்கு முந்தின மணி நேரங்களில் அதை அடிக்காதீர்கள்.

#14 காற்றாடி

ஹெலிகாப்டர். ஒகனகனிலும் வாஷிங்டனிலும் ஓரிகனிலும் ஜூன், ஜூலையில் விடிகாலையில் கேட்கிற சத்தம் அதுதான். காரியம் எளிது, மேலிருந்து கீழே தள்ளும் காற்றில் பழத்தின் மேல் உள்ள நீரை உதறுவது. எப்போது கூப்பிடுவது என்பதில்தான் பணம் போகிறது. மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், காத்திருப்புக்குத் தனி.

மழை நின்ற பிறகோ நடுவில் நல்ல இடைவெளி விட்டாலோதான் பயன். பெய்துகொண்டிருக்கும்போது பறப்பது ஈரத் துணியை மழையில் காயப்போடுவது மாதிரி. இருட்டில் பறக்க முடியாது, ஆகவே இரவு மழைக்கு விடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் ஆறேழு மணி நேரம் போயிருந்தால் உதறியும் பெரிய லாபமில்லை. மின்கம்பி, கொடிக்கம்பி, காற்றாடிக் கம்பம் எங்கெங்கே என்று வரைபடம் போட்டு விமானியிடம் முன்பே கொடுங்கள். இந்த வேலையில் ஹெலிகாப்டர்கள் விழுந்திருக்கின்றன, இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை.

ரெய்னியர் போன்ற மஞ்சள் ரகத்தின் மேல் பறக்க விடாதீர்கள். பழம் பழத்தோடும் கிளையோடும் அடிபட்ட ஒவ்வொரு தடமும் அதில் பழுப்பாகத் தெரியும். கருஞ்சிவப்பு ரகத்தில் மறைந்துவிடும், ஆனால் குளிர்சேமிப்பில் குழியாக வெளிவரும்.

#15 வேர்ப்பிடி

உங்களிடம் ஏர்பிளாஸ்ட் இருக்கிறதே, அதைச் சொல்ல மறந்துவிட்டார்களே. தொட்டியைக் காலி செய்துவிட்டு, நாசிலை மூடி, விசிறியை மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரிசையையும் இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போனால் நீரை அந்தப் பக்கத்துக் கொத்துக்குத் தள்ளுவீர்கள், அவ்வளவுதான். முதல் பத்து மரத்தில் இறங்கிப் பாருங்கள். காம்புக் குழியில் நீர் போயிருக்க வேண்டும், கன்னத்தில் போனது கணக்கில்லை. போகவில்லை என்றால் டிராக்டரை மெதுவாக்குங்கள். உயர மரத்தில் உச்சிக்கு எட்டாது, அதற்குத்தான் ஹெலிகாப்டர். தரை சேறாக இருந்தால் சக்கரத் தடம் மண்ணை அழுத்தி வேருக்குக் கேடு செய்யும். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

உறைபனிக்கு வைத்திருக்கும் காற்றாடிக் கம்பத்தை இதற்கு நம்ப வேண்டாம். அது காற்றைக் கலக்கும், துளியை உதறாது.

#16 காற்றாடி

ஒப்புக்கொள்கிறேன். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரோசர் மையத்தில் ஆளில்லா ஹெலிகாப்டரை வைத்தும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விமானி உயிர் பணயம் இல்லை என்பதே பெரிய விஷயம். ஆனால் உங்கள் கேள்வி இந்த வாரத்துக்கு, ஆகவே விசிறிதான்.

#17 கூரைவீடு

எல்லோரும் மழை வந்தபின் என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். நார்வேயில் செர்ரிக்குக் கூரை போடுவது பொதுவான வழக்கம். சிலியில் நவம்பர் மழைக்குப் பயந்து ஓ'ஹிகின்ஸ், மௌலே பகுதிகளில் வேகமாகப் பரவுகிறது. கணக்குப் போட்டால் ஹெக்டேருக்குப் பல பத்தாயிரம் டாலர். விலை கிடைக்கும் பெரிய பழத்துக்கும் பின்பருவ ரகத்துக்கும்தான் கட்டுப்படியாகும்.

கூரை போட்டும் வெடிக்கிறது என்பவர்கள் மூன்றை ஆராயுங்கள். முதலாவது, இரண்டு விரிப்புகள் சேரும் இடம். அங்கே ஒழுகும் நீர் எப்போதும் ஒரே கிளையில் விழும், அந்தக் கிளை மட்டும் வெடித்திருக்கும். இரண்டாவது, கூரையிலிருந்து வழியும் மழை முழுதும் வரிசை இடைவெளியில் குறுகிய பட்டையாகக் கொட்டுகிறது. அங்கே வாய்க்கால் வெட்டி வெளியேற்றாவிட்டால் வேர்களுக்கு இரட்டை மழை. மூன்றாவது, வெப்பமும் ஈரமும் அடைபடுவது. உச்சியில் காற்று வெளியேற வழி இல்லாத கூரைக்குள் பழம் நனையாமலே நுண்விரிசல் விடும், சாம்பல் நோயும் சிலந்திப்பேனும் கூடவே வரும். பக்கங்களைத் திறந்து வையுங்கள். வைக்கோல் நிறத்துக்கு முன்பே விரித்தால் வெளிச்சம் குறைந்து நிறமும் இனிப்பும் தாமதப்படும்.

#18 மலைச்சரிவு

இந்த வருடத்துக்குக் கூரை இல்லை. மேலே பூசும் மெழுகுக் கலவைகள்?

#19 உப்புமூட்டை

இரண்டு குடும்பம். கார்னூபா மெழுகு அடிப்படையிலானவை ஒன்று. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான, நீண்டு கொடுக்கும் கொழுப்புப் படலம் இன்னொன்று, பார்க்கா என்ற பெயரில் வருகிறது. எதுவானாலும் வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிப்பு, பத்து பதினான்கு நாளில் இரண்டாவது தெளிப்பு என்பது வழக்கம். பழம் பெருக்கப் பெருக்கப் பூச்சும் மெலிகிறது, அதனால்தான் இரண்டாவது.

பலன் தோட்டத்துக்குத் தோட்டம், வருடத்துக்கு வருடம் மாறுகிறது. என் கணிப்பு: காம்புக் குழிக்குள் பூச்சு இறங்காததுதான் பாதிக் காரணம். கொத்து அடர்த்தியாக இருந்தால் உள்பக்கப் பழத்துக்கு எட்டாது. ஹெக்டேருக்கு நீர் அளவைக் கூட்டித்தான் அடிக்க வேண்டும். நனைந்த பழத்தின் மேல் அடிப்பதில் அர்த்தமே இல்லை. இலை காய்ந்திருக்கும்போது அடித்து, பூச்சு காய நேரமும் கொடுக்க வேண்டும். உங்கள் லேப்பின்ஸுக்குத் தாமதம். ஸ்வீட்ஹார்டுக்கு வேண்டுமானால் நான்கு வரிசையில் அடித்து நான்கு வரிசையை விட்டுப் பாருங்கள்.

#20 சாறுகணக்கு

ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி தோலை இறுக்கும் என்கிறார்களே, அது உதவாதா?

#21 கரிசல்காடு

பழம் கெட்டியாகும், பெருக்கும், பழுக்கிறது மூன்று முதல் ஐந்து நாள் தள்ளிப் போகும். அதை அடிக்கிறது அதுக்காகத்தாங்க. வெடிப்புக்கு முடிவு இரண்டு பக்கமும் இருக்கு. தள்ளிப் போன அந்த நாலு நாளில் மழை வந்தால் யாரைக் கேட்கிறது? வெடிப்புத் தடுப்பு என்று நினைத்து அதை வாங்காதீங்க.

மரத்தில் காய் குறைவாக இருந்தால் பழம் பெரிசாகவும் இனிப்பாகவும் வரும், அதே மரம்தான் அதிகமாக வெடிக்கும். கவாத்திலும் காய் விடுகிறதிலும் கொஞ்சம் பேராசையைக் குறைக்கிறதும் ஒரு தடுப்புத்தான். அது அடுத்த வருஷப் பேச்சு.

#22 வேர்ப்பிடி

ரகம் பற்றி ஒரு வார்த்தை. 1875இல் ஓரிகனின் மில்வாக்கியில் பிறந்த பிங், அமெரிக்க மேற்கின் அடையாளப் பழம், மழையில் மோசமாக வெடிக்கும். கலிபோர்னியாவின் புரூக்ஸ் அதைவிட மோசம். சம்மர்லாந்து ஆய்வு நிலையத்தின் லேப்பின்ஸ் நடுத்தரம், நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஜெர்மனியின் ரெஜினா, செக் நாட்டின் கோர்டியா இரண்டும் தாங்கும் பக்கம். வெடிக்கவே வெடிக்காத ரகம் என்று நாற்றங்கால்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

#23 நுண்ணோக்கி

தோட்டத்தின் எந்தத் தொகுதியை முதலில் பறிப்பது என்று முடிவு செய்ய வெடிப்புக் குறியீட்டுச் சோதனை உதவும். 1931இல் ஐடஹோவில் வெர்னரும் பிளாட்ஜெட்டும் தொடங்கியது. பிறகு டென்மார்க்கின் கிறிஸ்டென்சன் திருத்திய வடிவம்தான் இப்போது புழக்கத்தில் இருக்கிறது.

காயமில்லாத, ஒரே நிறத்திலுள்ள 50 பழங்களைக் காம்போடு பறியுங்கள். காம்பை இழுத்தால் அந்தப் புண்ணே நீர் வழியாகிவிடும். 20 டிகிரியில் வாலைவடித்த நீரில் முக்கி, மிதக்காமல் மேலே ஒரு வலையைப் போட்டு அழுத்துங்கள். 2, 4, 6 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, புதிதாக வெடித்ததை எண்ணித் தனியே வையுங்கள். முதல் எண்ணிக்கையை 5 ஆலும், இரண்டாவதை 3 ஆலும், மூன்றாவதை 1 ஆலும் பெருக்கிக் கூட்டி, 100 ஆல் பெருக்கி, 250 ஆல் வகுக்க வேண்டும். உதாரணமாக 10, 12, 8 வெடித்தால் 50 + 36 + 8 = 94. குறியீடு 37.6. ஐம்பதும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே வெடித்தால் 100.

குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். கடின நீரில் உள்ள கால்சியமே முடிவைக் குறைத்துக் காட்டும். இந்த எண் உங்கள் இரண்டு தொகுதிகளை ஒப்பிடத்தான். சோதனையில் நீரில் மூழ்கிய பழம் முழுதும் நனைகிறது. மரத்தில் குழியும் நுனியும்தான் நீரைப் பிடித்துவைக்கின்றன. ஆகவே "குறியீடு 20, எனக்குக் கவலையில்லை" என்று படுத்துத் தூங்க வேண்டாம்.

#24 மலைச்சரிவு

கடைசியாக ஒன்று. மழை பெய்து, வெடித்தும்விட்டது என்று வையுங்கள். எப்போது எண்ணுவது, எப்போது கைவிடுவது?

#25 காற்றாடி

நின்றவுடன் எண்ணாதீர்கள். அடுத்த நாள் எண்ணுங்கள். தொடங்கிய விரிசல் வெளியே தெரிய நேரம் எடுக்கும். ஒரே மரத்தில் எண்ணுவதும் வீண். தொகுதிக்குப் பத்து மரம், ஒவ்வொன்றிலும் உச்சி, நடு, அடி, உள்பக்கம் என்று கலந்து நூறு பழம். உள்பக்கமும் அடியும் எப்போதும் மோசமாக இருக்கும். நூற்றில் 25, 30க்கு மேல் பிளந்திருந்தால் பெரும்பாலும் பறிகூலியும் தரம்பிரிக்கும் கூலியும் பழத்தின் விலையை விழுங்கிவிடும். உங்கள் பொதிக்கூடத்தின் தள்ளுபடி வரம்பை இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

#26 கரிசல்காடு

கணக்கைவிட அவசரம் அழுகல்ங்க. பிளந்த சதையில் சர்க்கரை கசியும். பழுப்பு அழுகல் பூஞ்சைக்கு அதைவிட விருந்து வேறில்லை. வெதுவெதுப்பான நாளில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற நல்ல பழத்துக்கும் தாவும். ஒன்றிரண்டு நாளுக்குள் பூஞ்சைக்கொல்லி போயிருக்கணும், அதுவும் பறிப்புக்கு முன் காத்திருக்க வேண்டிய நாளைக் கணக்குப் பார்த்து. போன முறை அடித்த அதே வகுப்பு மருந்தைத் திரும்ப அடிக்காதீங்க. 2009இல் உங்கள் பக்கம் வந்து ஒட்டிக்கொண்ட புள்ளிச்சிறகுப் பழ ஈயும் வாசம் பிடித்து வரும். பறிக்காமல் விட்ட தொகுதி பக்கத்துத் தோட்டத்துக்கும் தொல்லை. பழத்தைத் தரையில் தட்டி விட்டு மட்டும் போய்விடாதீங்க, நசுக்கி விடுங்க.

#27 நுண்ணோக்கி

பறித்த பிறகும் வெடிக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதிக்கூடத்து நீர்க்கால்வாயும் பழத்துக்கு ஒரு மழைதான். தண்ணீர் உறைநிலைக்கு அருகில் இருந்தால் வெடிப்பு குறையும். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹூட் ரிவர் மையத்தில் குளிர்நீரில் 0.2 முதல் 0.5 சதவீதம் கால்சியம் குளோரைடு சேர்த்து ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்ததில், பைக்குள் பின்னால் வரும் பிளவு குறைந்தது. இங்கேயும் அதே நியதி: ஈரமும் கால்சியமும் ஒரே நேரத்தில்.

#28 மலைச்சரிவு

சரி. புல்வெட்டு இன்று மாலை, விசிறி ஓட்டத்துக்கு நாசில் மூடிகள் தயார். லேப்பின்ஸில் இரண்டு தொகுதியிலும் ஐம்பது ஐம்பது பழம் நாளைக் காலை தண்ணீரில் விழும். செதில் 77 சதவீத வகைதான், மூட்டையில் பார்த்தேன்.

#29 உப்புமூட்டை

மூட்டை ஏற்கெனவே பிரித்ததா? கால்சியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். செதில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்திருந்தால் 77 அதில் இருக்காது. புது மூட்டை எடுங்கள்.